முகமூடி காற்றைத் தராது

சட்டப் பிரிவுகளையும் நிரப்ப வேண்டிய பாரங்களையும் பற்றி உங்களிடம் நான் பேசப் போவதில்லை. பயிற்சி வகுப்பில் அவற்றை நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அங்கே சொல்லாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கேண்டீனில் நீங்கள் உட்காரும் மேசை காலியாகிவிடும்.

பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் பார்ப்பீர்கள். தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவீர்கள். பேச்சு நின்றுவிடும். ஒருவர் அவசரமாகத் தலைக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொள்வார், சாப்பிடும் இடத்தில் அது தேவையே இல்லை என்றாலும். இன்னொருவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். தொழிலாளிகளைப் பொறுத்தவரை நீங்கள் மேனேஜரின் ஆள். மேனேஜரைப் பொறுத்தவரை, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். நடுவில் நாற்காலி போட்டு உட்கார இடம் கிடையாது. இதற்குப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நானும் பல வருடம் ஓட்டினேன். பழகவில்லை. உங்களுக்கும் பழகாது. ஆனாலும் வேலை செய்யலாம்.

ஜாசினுக்கு அப்பால் உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். இப்போது ஓய்வு பெற்று தஞ்சோங் கிளிங்கில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கேட்டால் வேலையைக் காரணமாகச் சொல்வேன். என் தங்கையைக் கேட்டால் என் வாயைக் காரணமாகச் சொல்வாள்.

கோவிட் முடிந்து ஆலை பழையபடி ஓடத் தொடங்கியிருந்த நேரம். அதற்கு முன்பெல்லாம் சுவாச முகமூடி என்றால் எதற்கு, ஏன் என்று கேட்பார்கள். கோவிட்டுக்குப் பிறகு எல்லோருமே மாஸ்க் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். முகத்தில் ஏதோ ஒன்றை மாட்டினால் காப்பு வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தெரியும் என்று நினைப்பவர்களிடம்தான் நாம் தோற்போம்.

எங்கள் ஆலையில் கொதிகலன் அடுப்புச் சாம்பலை வாருகிற வேலை இருந்தது. மாவுபோல நுண்ணிய சாம்பல். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் குணா. முப்பது வயது தாண்டியவர், நல்ல உடற்கட்டு, வேலையில் சோம்பல் கிடையாது. மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் முகமூடி, இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா மாட்டியது. அதை ஆளுக்கு ஒன்று என்று கொடுத்திருந்தோம். கொடுத்துவிட்டால் போதாது, அது அவரவர் முகத்தில் சரியாக உட்காருகிறதா என்று சோதிக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது என்று உங்களுக்குத் தெரியும். முகமூடியோடு தலைக்கு மேல் ஓர் உறையை மாட்டி, உள்ளே கசப்பு மருந்தைத் தெளித்து, தலையைத் திருப்பச் சொல்லி, குனியச் சொல்லி, பேசச் சொல்வோம். நாக்கில் கசந்தால் எங்கோ ஓரத்தில் காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

அந்த வருடம் மாசி மகத்துக்குக் காவடி எடுப்பதாகக் குணா வேண்டிக்கொண்டு தாடி வளர்த்திருந்தார். உறைக்குள் தலையை விட்ட உடனே முகத்தைச் சுளித்தார்.

"வேப்பெண்ணெய் மாதிரி இருக்குக்கா!"

"தாடிதான் காரணம். ரப்பர் தோலோட ஒட்டணும். நடுவுல முடி இருந்தா ஒட்டாது."

"சாமிக்கு வளக்கறேன், எடுக்க முடியாது."

"எடுக்கச் சொல்லலை. மகம் முடியற வரைக்கும் சாம்பல் பக்கம் வேணாம். பழம் இறக்கற இடத்துல நில்லுங்க."

மேனேஜருக்கு ஆள் குறைந்த எரிச்சல். குணாவுக்கு அவமானம். பழம் இறக்குகிற இடத்தில் மற்றவர்கள் தாடியைப் பார்த்து, "என்னா பாய், சாமி டிரான்ஸ்பர் கொடுத்திருச்சா?" என்று கேலி செய்தார்களாம். மறுநாள் மத்தியானம் அவருடைய அண்ணன் மணியம் கையில் சாப்பாட்டு டப்பாவோடு என் மேசைக்கு வந்தார். ஆலையின் கழிவுநீர்ப் பம்புகளை அவர்தான் கவனித்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பிக்காகச் சண்டை போட வந்திருக்கேன்க்கா."

"போடுங்க."

"பசிக்குது. சாப்பிட்டுட்டுப் போடவா?"

சண்டை நடக்கவே இல்லை. அவர் மனைவி சாந்தி வைத்துக்கொடுத்த கருவாட்டுக் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினார். தாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் எவ்வளவு சின்ன இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போகும், வடிகட்டி வழியாகப் போகாது, அது சுலபமான வழியைத்தான் தேடும் என்று அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "தண்ணியும் அப்படித்தான் லா" என்றார். பம்புக்காரர் அல்லவா.

அதிலிருந்து நேரம் வாய்க்கும்போதெல்லாம் என் மேசைக்கு வருவார். மகள் படிப்பைப் பற்றிப் பேசுவார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார், ஒன்றும் பேசாமலும் சாப்பிடுவார். அந்த ஆலையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

மாசி மகம் முடிந்தது. குணா தலையும் முகமும் மழித்துக்கொண்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார். மறுபடி சோதித்தேன். உறைக்குள்ளிருந்து சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார்.

"ஒண்ணுமே கசக்கலைக்கா!"

முகமூடியைக் கழற்றியதும் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "இது தூசியைத் தடுக்கும். டப்பாவை மாத்தினா சில புகையைக் கொஞ்சம் தடுக்கும். ஆனா காத்து கெட்டுப்போன குழிக்குள்ள, தொட்டிக்குள்ள இது வெறும் ரப்பர். இருக்கற காத்தை வடிகட்டும், அவ்வளவுதான். இது காத்தைத் தராது." சரி என்று தலையாட்டினார். அதையே எழுதியிருந்த பாரத்தின் அடியில் கையெழுத்தும் போட்டார்.

நான் சொன்னேன். அவர் கேட்டார். ஆனால் அவர் மனதில் தங்கியது கசக்காத அந்த நாக்கு மட்டும்தான். நீங்களும் வாய் வலிக்கச் சொல்வீர்கள். ஒரு மனிதருக்கு எது ஆறுதலோ அதைத்தான் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார். இதைத் தெரிந்துகொண்டு, முகமூடியைக் கையில் கொடுக்கும் முன்பே அது எங்கே கைவிடும் என்பதைச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு மறுபடியும் சொல்லுங்கள். அப்படியும் ஒருநாள் அது போதாமல் போகும்.

போதாமல் போன நாளைச் சொல்கிறேன்.

இரண்டு நாளாக விடாத மழை. ஆலைக்குப் பின்னால் தரைக்குக் கீழே ஒரு கழிவுநீர்த் தொட்டி. மேலே கான்கிரீட் பலகை, அதில் ஓர் ஆள் இறங்குகிற அளவுக்குச் சதுரமாக ஒரு வாய், உள்ளே இரும்பு ஏணி. எண்ணெய் ஆலைக் கழிவு அழுகினால் என்ன வாயு வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் வாடையே தெரியாது. மூக்கு செத்துவிடும். வாடை போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று மனிதர் நினைப்பார். அந்தத் தொட்டியில் அனுமதி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்குவதற்கு வெளியிலிருந்து குத்தகை ஆட்கள் முழு ஏற்பாடுகளோடு வருவார்கள்.

அன்று மத்தியானம் பம்பு நின்றுவிட்டது. மழை விடாவிட்டால் இரவுக்குள் தொட்டி நிரம்பி வழியும், கழிவு ஆற்றுக்குப் போய்விடும். மேனேஜர் மணியத்துக்கு மறுபடி மறுபடி போன் செய்திருக்கிறார். குத்தகை ஆட்கள் மறுநாள்தான் வருவார்கள். தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டும் மிதவை ஏணியின் மேல்படிகளுக்குப் பக்கத்தில் சிக்கியிருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும் போல இருந்திருக்கும். எட்டவில்லை. ஒரு படி இறங்கியிருப்பார். இன்னும் ஒரு படி. அந்தத் தொட்டியைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். அதில் இறங்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவரே அவர்தான். தெரியாமல் இறங்கியவர் அல்ல அவர், தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். அவசரம் இருந்தது, மழை இருந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு படிதானே என்று கால் இறங்கிவிட்டது.

அவரோடு வேலை பார்த்த வங்காளதேசத்துக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து, "மணி ஜாத்தோ! மணி ஜாத்தோ!" என்று கத்தினார். மணி விழுந்துவிட்டார்.

நான் ஓடினேன். தொட்டியை நெருங்கும்போதே நெஞ்சில் மாட்டியிருந்த வாயுமானி அலற ஆரம்பித்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். மணியம் ஏணி அடியில், சுவரில் சாய்ந்த மாதிரி, இடுப்புவரை கழிவில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. கூப்பிட்டேன். அசைவில்லை.

பொம்பாவுக்கு, அந்தத் தீயணைப்புக்காரர்களுக்கு, போன் போட ஒருவரை அனுப்பினேன். காற்று ஊதுகிற மெஷினை இழுத்து வர இருவரை அனுப்பினேன். முதுகில் சுமக்கிற காற்று உருளை எங்கள் ஆலையில் இல்லை. கேட்டிருந்தேன், வரவில்லை. அதைப் பற்றிப் பிறகு விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

அதற்குள் குணா கொதிகலன் பக்கமிருந்து ஓடி வந்துவிட்டார். முகமெல்லாம் சாம்பல். கழுத்தில் தொங்கிய முகமூடியை ஓடிக்கொண்டே மேலே இழுத்து மாட்டி, பட்டையை இறுக்கினார். எவ்வளவு சரியாக மாட்டினார் தெரியுமா? நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து.

"நகருங்கக்கா. நான் இறங்கித் தூக்கிட்டு வந்திர்றேன்."

"வேணாம் குணா. உள்ள காத்து இல்ல."

"மாஸ்க் இருக்கு லா!"

"இது அதுக்கு இல்ல. உள்ள போனா நீயும் விழுந்திருவ."

அவரை எப்போதும் நீங்கள் என்றுதான் சொல்வேன். அன்று நீ என்று வந்துவிட்டது.

"நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க! கசக்கலைன்னு நீங்கதானே பாஸ் போட்டீங்க! இப்ப இல்லைன்னா எப்படிக்கா?"

அதற்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. சொன்னாலும் உள்ளே அண்ணன் கிடக்கும்போது யார் காதில் ஏறும்? அவர் என்னைத் தாண்டி ஏணிக்குக் கையை நீட்டினார். அவரைப் பிடித்து நிறுத்துகிற பலம் எனக்கு இல்லை. சுற்றி நின்றவர்கள் யாரும் அவரைப் பிடிக்க மாட்டார்கள் என்று முகங்களைப் பார்த்ததுமே தெரிந்தது. அவர்களுக்கும் அவர் இறங்க வேண்டும் என்றுதான் இருந்தது. யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் இருந்தது.

நான் தொட்டி வாயின் விளிம்பில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் குறுக்கே நீட்டி எதிர் விளிம்பில் வைத்து, இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறங்க வேண்டுமானால் என்னைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"எந்திரிங்கக்கா!"

"மாட்டேன்."

"எங்கண்ணன்க்கா உள்ள!"

"தெரியும்."

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல!"

தோளைப் பிடித்து இழுத்தார். சட்டைக் கை கிழிந்தது. மறுபடி இழுக்க நீண்ட கை பாதியில் நின்றது. ஒரு பெண்ணை இழுத்துத் தள்ள அந்தக் கைக்குப் பழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் உட்கார்ந்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் வந்து சேர்ந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவன்தான் மாஸ்க் போட்டிருக்கானே, ஒரு நிமிஷம்தானே, விடுங்க" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். இனி நான் எழுந்தால் அது மேனேஜரின் முடிவு. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். குணாவும் சாந்தியும்கூட. எழுந்திரு, எழுந்திரு என்று என் கால்களே என்னிடம் சொன்ன மாதிரி இருந்தது. கீழே குனிந்தால் மணியத்தின் தோள் தெரிந்தது. பழைய நீலச் சட்டை. என் தட்டில் குழம்பு ஊற்றிய கை அந்தக் கழிவுக்குள் எங்கோ இருந்தது.

"விட மாட்டேன்" என்றேன். "இவரும் உள்ள போனா அப்புறம் இவரைத் தூக்க இன்னொருத்தர் போவார்."

ஊதுகிற மெஷின் வந்தது. அதன் குழாயை என் முழங்காலுக்குப் பக்கத்தில் உள்ளே விட்டார்கள். அதன் சத்தம், வாயுமானியின் சத்தம், இரண்டுக்கும் மேலே குணாவின் குரல். "அண்ணே! அண்ணே!" என்று என் தோளுக்கு மேலாகக் குனிந்து தொட்டிக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கான்கிரீட்டில் முஷ்டியால் குத்த ஆரம்பித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. என் கண் எரிந்தது, தலை கனத்தது. எவ்வளவு நேரம் என்று விசாரணையில் கேட்டார்கள். பொம்பாவின் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு அது நேரமாகவே இல்லை.

பொம்பாக்காரர்கள் வந்ததும் யாரோ என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். கால் மரத்துப்போய் இருந்தது. காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டே அவர்களுடைய அதிகாரி என்னிடம் மலாயில் கேட்டார்.

"உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான்."

"நிச்சயமா?"

இந்த மாதிரித் தொட்டிகளுக்கு அவர் முன்பும் போயிருக்கிறார். விழுந்தவரைத் தூக்கப் போனவர், அவரைத் தூக்கப் போனவர் என்று அடுக்காகக் கிடப்பதைப் பார்த்தவர். அந்த மூன்று சின்னக் கேள்விகள்தான் அன்று எனக்குக் கிடைத்த சான்றிதழ். வேறு யார் காதிலும் அவை விழவில்லை.

மணியத்தைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். அவர்கள் குடியிருந்த தாமானில், வீட்டு வாசல் சாலையில் கூடாரம் போட்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். பின்னால் ஒரு பெண் குரல், மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி: "இவதான். அவன் உள்ள செத்துக்கிட்டு இருக்கறப்ப வாசலை அடைச்சிக்கிட்டு உக்காந்தவ." மணியம் எனக்கும் வேண்டியவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்த நான் யார்? உறவா, முறையா? ஒரு பூமாலையை வைத்துவிட்டு, அழுவதற்கு உரிமை இருக்கிறவர்கள் அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளம்பி வந்து, ஜாசின் பஸ் நிலையத்துக் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆலையில் முன்பு என்னைக் கண்டால் பேச்சுதான் நிற்கும். இப்போது நடையும் நின்றது. நான் வருகிற பாதையில் வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவர்கூட என் கையைப் பார்த்துத்தான் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. குணா வேலையை விட்டுவிட்டார். போகும்போது தன் முகமூடியை என் ஆபீஸ் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. ஆனால் சரியாகச் செய்தால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், நம்பாதீர்கள். தப்பு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கப் போகலாம், ஒரு வாசல் இருக்கும். சரியாகச் செய்தவள் எந்த வாசலில் போய் நிற்பது?

கருமாதி முடிந்து பல வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கேட்டில் சாந்தி நின்றாள். ஜாசினிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அதற்கு முன் அவளோடு நான் பேசியதில்லை. அவள் சமையலைத்தான் தெரியும். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்விக்கா. உண்மையைச் சொல்லணும். குணாவை விட்டிருந்தா அவர் பொழச்சிருப்பாரா?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும், அதனால் நன்றாகக் கேளுங்கள். அவர் விழுந்த உடனேயே உயிர் போய்விட்டது, யார் போயிருந்தாலும் பிரயோஜனமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் விடுதலை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று டாக்டர்கூட நினைத்தார். ஆனால் யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஆறுதல் கொடுத்தால், கசக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லி முகமூடியைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

"எனக்குத் தெரியாது சாந்தி" என்றேன். "குணா உள்ள போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டார். அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

அழவில்லை. தண்ணீரைக் குடித்தாள்.

"அப்படின்னா எங்க வீட்ல ரெண்டு பாடை ஆயிருக்கும்" என்றாள். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. குணாகிட்டயும் சொல்லிப் பாத்தேன். காதுல வாங்க மாட்டேங்குது."

"நான் வந்து பேசவா? எப்படி ஆகும்னு விளக்கிச் சொன்னா—"

"வேணாம்க்கா!" பதறிப்போய்ச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைத் திட்டறதுதான் அதுக்கு இப்பப் பிடிமானம். அக்கா மட்டும் எந்திரிச்சிருந்தா அண்ணனைத் தூக்கியிருப்பேன், தூக்கியிருப்பேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அதைச் சொல்லித்தான் சாப்பிடுது, தூங்குது. நீங்க வந்து விளக்கிட்டா, தன்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு அதுக்குப் புரிஞ்சு போயிரும். அப்புறம் அது எதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்? கொஞ்ச நாளைக்கு உங்க மேலயே இருக்கட்டும்க்கா."

என்னிடம் அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. என்னிடமிருந்து ஒன்றைக் கேட்டாள். அவள் கேட்டது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது.

"சரி" என்றேன். "இருக்கட்டும்."

கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். "அவர் உங்களைப் பத்தி வீட்ல சொல்வார். அந்தக்கா தனியா உக்காந்து சாப்பிடும், குழம்பு கொஞ்சம் சேத்து வைன்னு." கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள். அதன் பிறகு வரவில்லை. வருவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு என்று அவள் சொன்னாள். எவ்வளவு நாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் ஓய்வு பெற்று வந்த பிறகும் அது என் மேல்தான் இருக்கிறது. கனம்தான். ஆனால் அதை இறக்கி வைத்தால் யார் தலையில் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்களில் பலருக்கு இப்படி ஒரு நாள் வராமலே போகலாம், வராமலே போகட்டும். வந்தால், உள்ளே கிடக்கிறவரைவிட வெளியே நிற்கிறவரைத்தான் முதலில் பாருங்கள். முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவரைப் பாருங்கள். அவருக்கு வருகிற ஆபத்து அலட்சியத்தால் வராது, பாசத்தால் வரும். பாசத்தோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அதனால் வாதாடாதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள். உங்களுக்கு மேலே இருக்கிறவர் பரவாயில்லை என்று சொன்னாலும் உட்கார்ந்தே இருங்கள். பிறகு உங்களைப் பற்றி என்ன பேசினாலும் ஓடிப்போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். விசாரணையில் முழுதாகச் சொல்லுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில பேருக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்காது.

போன மாதம் உம்பாய்க்குப் போயிருந்தேன். அங்கே கடலோரக் கடைகளில் சுட்ட மீன் நன்றாக இருக்கும். இருட்டுவதற்கு முன்பே போய், பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மீன் வேகும்வரை கல்லாப் பக்கமாக நின்றுகொண்டிருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கம் குணாவைப் பார்த்தேன். குடும்பத்தோடு வந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தது, காதோரம் நரை. மடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை. முன்பு அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. சாந்தியும் இருந்தாள், கல்லூரிப் பெண் மாதிரி வளர்ந்துவிட்ட மகளோடு. சாந்தி என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணை மட்டும் ஒரு தரம் மூடித் திறந்தாள். மறுபடி மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். குணா பார்க்கவில்லை.

அவர் மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். சூடாக இருந்த ஒரு துண்டை உள்ளங்கையில் எடுத்து, கன்னம் உப்ப ஊதினார். குழந்தை அவர் வாயைப் பார்த்துக்கொண்டே தானும் ஊதியது. எச்சில்தான் தெறித்தது. மறுபடி ஊதினார், மறுபடி ஊதினார், ஆறிய பிறகு அதன் வாயில் வைத்தார்.

என் பொட்டலம் வந்தது. அவர் தலை நிமிர்வதற்குள் சமையற்கட்டுப் பக்க வழியாக வெளியே வந்துவிட்டேன்.